இடிக்காத கணக்கு

தொழிற்சாலை மென்பொருளில் ஒரு மாஸ் பேலன்ஸ் கேஸ் உருவாக்குவது, பக்கத்தில் நின்று பார்க்கிறவருக்குக் கொட்டாவி வரவைக்கும் வேலை. ஒரு படிவம் திறக்கும். கேஸின் பெயர், தொடங்கும் நேரம், முடியும் நேரம். எந்தெந்தத் தொட்டிகளும் குழாய்களும் இந்தக் கணக்குக்குள் வருகின்றன. ஒவ்வொரு குழாயிலும் ஓடுவதை அளக்கும் மீட்டர் எது, அது எவ்வளவு தவறக்கூடும். மீட்டரே இல்லாத குழாய் என்றால் ‘அளக்கப்படாதது’ என்ற பெட்டியில் ஒரு டிக். அவ்வளவுதான். ஓட விட்டால், உள்ளே வந்தது, வெளியே போனது, உள்ளேயே தங்கியது எல்லாவற்றையும் நேர் செய்து மென்பொருள் கணக்கை முடித்துக் கொடுக்கும்.

கெமிக்கல் இன்ஜினியரிங் படித்துவிட்டு கோட் எழுதப் போனவன் நான். பத்து வருடமாக இந்தப் படிவத்தோடுதான் பிழைப்பு. பொய் என்றால் என்ன என்ற கேள்வி கோயிலிலோ கோர்ட்டிலோ வந்ததைவிட எனக்கு இந்தப் படிவத்தின் முன்னால்தான் அதிகம் வந்திருக்கிறது.

புதிதாக இந்த வேலைக்கு வருகிறவர்களுக்கு முதல் அதிர்ச்சி ஒரே இடத்தில் வரும். மென்பொருள், மீட்டர் சொன்ன எண்ணை மாற்றிவிடுகிறது. ஒரு சர்க்கரை ஆலையில் லேப் கெமிஸ்ட்டாக இருந்த பெரியவர் திரையைப் பார்த்துவிட்டு நேராகவே கேட்டார்: “தம்பி, மீட்டர் அறுபத்து நாலுங்குது. உங்க சாஃப்ட்வேர் அறுபத்து மூணரைங்குது. இதையே நான் லாக் புக்ல பண்ணினா கணக்க திருத்திட்டான்னு மெமோ குடுப்பாங்க. நீங்க பண்ணினா டெக்னாலஜியா?”

நியாயமான கேள்வி. பதில் சொல்லச் சின்னக் கணக்கு ஒன்று போட வேண்டியிருக்கிறது, பொறுத்துக்கொள்ளுங்கள். ஒரு தொட்டிக்குள் ஒரு குழாய் வருகிறது, இரண்டு குழாய்கள் வெளியே போகின்றன. வருவது மணிக்கு 100 டன் என்கிறது மீட்டர். போவது 64 டன், 39 டன். கூட்டினால் 103. தொட்டியின் மட்டம் ஏறவும் இல்லை, இறங்கவும் இல்லை. 100 டன் ஊற்றி 103 டன் எடுக்க எந்தக் கடவுளாலும் முடியாது. ஆகவே மூன்று மீட்டரில் ஒன்றாவது தவறு. அநேகமாக மூன்றுமே கொஞ்சம் கொஞ்சம் தவறு. முதல் இரண்டும் ஒரு டன் முன்னே பின்னே போகக்கூடியவை, மூன்றாவது பழைய மீட்டர், இரண்டு டன் வரை போகும் என்று வைத்துக்கொள்வோம். மென்பொருள் இந்தப் பிழை வரம்புகளை வர்க்கப்படுத்தி (1, 1, 4) இடிக்கிற மூன்று டன்னை அதே விகிதத்தில் மூவருக்கும் பிரித்துப் போடும். 100 என்பது 100.5 ஆகும். 64 என்பது 63.5. 39 என்பது 37. கூட்டிப் பாருங்கள், இடிக்காது.

இந்த முறை இன்று நேற்று வந்ததல்ல. விண்ணில் ஓடுவதைத் தொலைநோக்கியில் பார்த்துக் குறித்த எண்கள் ஒன்றோடொன்று ஒத்துப்போகாதபோது என்ன செய்வது என்று யோசித்தவர்களிடமிருந்து வந்தது. லெஜாந்தர் 1805-இல் வெளியிட்டார், காஸ் 1809-இல். ரசாயன ஆலைகளின் கணக்குக்கு இதைக் கொண்டுவந்தது 1961-இல் கூன், டேவிட்சன் என்ற இருவர் எழுதிய கட்டுரை. இன்று எந்தப் பெரிய ரிஃபைனரியிலும் தினசரிக் கணக்கு முடிவது ஏறக்குறைய இப்படித்தான்.

கெமிஸ்ட் சாருக்கு நான் சொன்ன பதில்: மீட்டர் உண்மை இல்லை சார், சாட்சி. மூன்று சாட்சிகள் மூன்று விதமாகச் சொல்கிறார்கள், மூவரும் சொல்வது ஒருசேர உண்மையாக இருக்கவே முடியாது என்று இயற்கையின் சட்டம் சொல்கிறது. அப்போது மூன்று வாக்குமூலத்தையும் அப்படியே எழுதிவைத்துக்கொண்டு, யாரை எவ்வளவு நம்பலாம் என்று பார்த்துத் தீர்ப்பு எழுதுவதில் பொய் எங்கே இருக்கிறது? லாக் புக்கில் திருத்துகிறவர் பழைய எண்ணை அடித்துவிடுகிறார். இங்கே பழைய எண், புதிய எண், எதற்காக மாறியது என்ற காரணம் மூன்றும் பக்கத்துப் பக்கத்தில் இருக்கின்றன. திருத்திய 63.5 பொய் என்றால், திருத்தாமல் விட்ட 103 அதைவிடப் பெரிய பொய்.

அவர் பாதிதான் ஒத்துக்கொண்டார். மீதிப் பாதி எனக்கும் உறுத்துவதுதான். மூன்று டன் பிழையில் இரண்டு டன் மூன்றாவது மீட்டரின் தலையில் விழுந்தது, கவனித்தீர்களா? நம்பிக்கை குறைந்தவன் மேல்தான் பிழையின் பெரும்பங்கு விழும். வீட்டில் ஐந்நூறு ரூபாய் காணாமல் போனால் யாருடைய பையை முதலில் பார்ப்பார்கள் என்று யோசித்தால் இந்தக் கணிதம் உடனே புரிந்துவிடும். அந்த நம்பிக்கை எண்ணை மீட்டரே சொல்வதில்லை. ஒரு மனிதர் உட்கார்ந்து தட்டுகிறார்.

அவர் என்ன தட்டுகிறார் என்பதைப் பொறுத்து அலாரமே மாறும். மேலே சொன்ன வரம்புகளோடு பார்த்தால் மூன்று டன் வித்தியாசம் சாதாரணம்; மொத்தப் பிழை வரம்பு 2.45 டன், 3-ஐ அதனால் வகுத்தால் 1.2. இரண்டை நெருங்காதவரை மென்பொருள் வாய் திறக்காது. அதே மூன்று மீட்டரும் புத்தம் புதியவை, அரை டன்னுக்கு மேல் தவறாது என்று தட்டியிருந்தால்? மொத்த வரம்பு 0.87. வகுத்தால் 3.5. திரை சிவந்துவிடும். ஆலை அதே ஆலை, எண்கள் அதே எண்கள். “கேஸ் பச்சையாயிடணும் பாஸ், அதுக்கு என்ன டாலரன்ஸ் வேணுமோ போட்டுக்கோங்க” என்று சொல்கிற மேலாளர்களை எங்கள் தொழிலில் எல்லோருக்கும் தெரியும். இது மோசம்தான். ஆனால் இந்த மோசடிக்குத் தடயம் இருக்கிறது. மீட்டருக்குக் கேலிப்ரேஷன் சான்றிதழ் உண்டு. அதில் அரை டன் என்றும் கேஸில் ஐந்து டன் என்றும் இருந்தால் ஒருநாள் இல்லாவிட்டால் ஒருநாள் யாராவது ஏன் என்று கேட்கலாம்.

எனக்கு இதைவிடப் பயமாக இருப்பது படிவத்தின் அந்தச் சாதுவான டிக்.

அதே தொட்டியை எடுத்துக்கொள்ளுங்கள். மூன்றாவது குழாயில் மீட்டர் இல்லை. டிக் போடுகிறோம். உள்ளே 100, வெளியே 64. மூன்றாவது 36. முடிந்தது. எவ்வளவு சுத்தமான கணக்கு! யாரையும் திருத்த வேண்டியதில்லை, யாரையும் சந்தேகிக்க வேண்டியதில்லை. முதல் மீட்டர் பத்து டன் தவறாகக் காட்டினாலும் மூன்றாவது 26 என்றோ 46 என்றோ ஆகிவிடும், கணக்கு அப்போதும் நேராகும். தொட்டியின் அடியில் ஓட்டை விழுந்து பாதி மண்ணுக்குள் போனாலும் நேராகும். இந்தக் கணக்கு ஒருநாளும் இடிக்காது. அதற்கு இடிக்கவே தெரியாது.

மாதக் கடைசியில் வீட்டு வரவு செலவு எழுதுகிறவர்களுக்கு இந்தக் குழாய் நன்றாகத் தெரியும். அதன் பெயர் ‘இதர’. மளிகை, பால், கேஸ், கரண்ட், ஸ்கூல் ஃபீஸ் எல்லாம் போக என்ன குறைகிறதோ அதுதான் இதர. ‘இதர’ இருக்கும்வரை எந்த வீட்டுக் கணக்கும் இடிக்காது.

பொய் எங்கே இருக்கிறது என்ற கேள்விக்கு என் பதில் இங்கேதான் இருக்கிறது. எண்ணை மாற்றுவதில் இல்லை. தன்னை யாரும் மறுத்துப் பேச முடியாதபடி கணக்கை அமைத்துக்கொள்வதில் இருக்கிறது. மூன்று ஓட்டங்கள் உள்ள கணக்கை முடிக்க இரண்டு அளவு போதும். மூன்றாவது அளவு வேண்டாத செலவு, உபரி. ஆனால் அந்த உபரி வந்தபிறகுதான் முதல் இரண்டும் பொய் சொல்லியிருந்தால் மாட்டும். தேவைக்கு மேல் ஒரு சாட்சி இல்லாத இடத்தில் உண்மை பேசினேன் என்று சொல்வதற்கு அர்த்தமே கிடையாது என்று நான் நினைக்கிறேன். பேசியது உண்மையாகவே இருந்தாலும்கூட.

*

சர்க்கரை ஆலைக்கே திரும்பப் போகலாம், அங்கே இந்த விஷயம் பணமாக மாறுகிறது.

ஆலைக்குள் கரும்பு எடைமேடையில் எடைபோட்டு வருகிறது. அரவையில் சாறு முழுக்க வெளியேற, சக்கையின் மேல் வெந்நீர் ஊற்றிப் பிழிவார்கள். வெளியே போவது கலந்த சாறும் சக்கையும். சுமாராகச் சொன்னால் 100 டன் கரும்பு, 30 டன் தண்ணீர்; 102 டன் சாறு, 28 டன் சக்கை. இதில் கரும்புக்கு எடை உண்டு, தண்ணீருக்கும் சாறுக்கும் மீட்டர் உண்டு. சக்கை? “அத யாரு தம்பி எடை போடுறது? காலங்காலமா கழிச்சுத்தான் எழுதுறோம்” என்றார் கெமிஸ்ட் சார். பஞ்சுபோலப் பறக்கிற, பாதி எடை ஈரமாகவே இருக்கிற, கன்வேயரில் நிற்காமல் பாய்லருக்குப் போகிற பொருளை எடைபோடுவது உண்மையிலேயே கஷ்டம். அதனால் கழித்தல்.

கழித்து எழுதும்போது எல்லோருடைய பிழையும் சக்கையில் போய்ச் சேரும். சாறு மீட்டர் ஒரே ஒரு சதவீதம் குறைத்துக் காட்டினால் சக்கை 28 டன்னிலிருந்து 29 டன்னுக்குத் தாவும். அங்கே ஒரு சதவீதம், இங்கே மூன்றரைக்கும் மேல். இதோடு நின்றால் பரவாயில்லை. சாறில் உள்ள சர்க்கரையையும் சக்கையில் உள்ள சர்க்கரையையும் கூட்டித்தான் ‘கரும்பில் இவ்வளவு சர்க்கரை இருந்தது’ என்று எழுதுகிறார்கள். கரும்பில் எவ்வளவு இருந்தது என்று கரும்பிடம் யாரும் நேரடியாகக் கேட்பதில்லை. பிறகு அந்தச் சர்க்கரை எங்கே போனது என்று ஒரு பட்டியல்: மூட்டையில் இவ்வளவு, சக்கையில் இவ்வளவு, பிரஸ்மட்டில் இவ்வளவு, கழிவுப்பாகில் இவ்வளவு. கடைசி வரி, அறியப்படாத இழப்பு. சூட்டில் சிதைந்தது, ஆவியோடு பறந்தது, பாக்டீரியா தின்றது, பம்பில் ஒழுகியது, மீட்டர் தவறியது எல்லாம் அந்த ஒரே வரியில் படுத்துக்கொள்ளும்.

விவசாயிக்கு விலை எப்படித் தீர்மானமாகிறது என்று பாருங்கள். 2024-25 பருவத்துக்கு மத்திய அரசு நிர்ணயித்த விலை, 10.25 சதவீதம் சர்க்கரைக் கட்டுமானம் உள்ள கரும்புக்கு குவிண்டாலுக்கு 340 ரூபாய். கட்டுமானம் 0.1 சதவீதம் ஏறினால் 3 ரூபாய் 32 காசு கூடியது, இறங்கினால் அதே அளவு குறைந்தது. 9.5-க்குக் கீழே எவ்வளவு இறங்கினாலும் 315 ரூபாய் 10 காசுக்குக் குறையவில்லை. கட்டுமானம் என்பது அவருடைய கரும்பின் குணம் மட்டும் அல்ல; மொத்த ஆலையும் அரைத்த கரும்பில் எவ்வளவு சர்க்கரையை மூட்டையில் பிடித்தது என்ற கணக்கு. 9.5-க்குக் கீழே இருக்கும் ஆலையில் இந்தப் பின்னங்கள் விலையை அசைக்காது. மேலே இருக்கும் ஆலையில் 0.1 சதவீதம் என்றால், ஏக்கருக்கு 40 டன் எடுத்த ஒருவருக்கு அந்தப் பருவ விலையில் 1,328 ரூபாய். அவர் பார்க்கவே முடியாத ஒரு பட்டியலின் கடைசி வரியில், அவர் கேள்வியே படாத ஒரு மீட்டரின் தவறில், அந்தப் பணம் முன்னும் பின்னும் ஆடிக்கொண்டிருக்கிறது.

அந்த ஆலையில் மின்சாரம் தயாரித்து விற்க ஆரம்பித்தபோது எரிபொருள் கணக்கு வேண்டுமென்று சக்கை கன்வேயரில் பெல்ட் வெயர் ஒன்று மாட்டினார்கள். அந்த டேக்கையும் கேஸில் சேர்த்தோம். மறுநாளே சிவப்பு. கழித்து வருவது 28 என்றால் பெல்ட் முப்பதரை என்றது. மேலாளர் சொன்ன வாக்கியத்தை நான் வேறு வேறு ஆலைகளில், வேறு வேறு மொழிகளில் கேட்டிருக்கிறேன்: “அந்த டேக்க எடுத்துடுங்க. முன்னாடி நல்லா இருந்துச்சு.”

முன்னாடி நல்லா இருந்துச்சு! முன்னாடி நல்லா இருந்ததா, சொல்ல ஆளில்லாமல் இருந்ததா?

பெல்ட் மேல் அவருக்குச் சந்தேகம் வந்ததில் தப்பில்லை. ஈரச் சக்கையில் அந்தக் கருவிகள் அவ்வளவு நம்பகமும் இல்லை. ஆனால் கெமிஸ்ட் சார் விடவில்லை. பிழை வரம்பைப் பெரிதாகப் போட்டு டேக்கை உள்ளேயே வைத்திருக்கச் சொன்னார். பத்து நாள் ஒரே பக்கமாகவே இடித்தது. தற்செயலான பிழை என்றால் இரண்டு பக்கமும் இடிக்க வேண்டும் இல்லையா? கடைசியில் அகப்பட்டது தண்ணீர் லைன். மீட்டரைச் சுற்றிப் போகும் பைபாஸ் வால்வு லேசாகத் திறந்திருந்தது. 30 டன் என்று எழுதிக்கொண்டிருந்த தண்ணீர் உண்மையில் முப்பத்திரண்டரை. யாரும் திருடவில்லை, யாரும் ஏமாற்றவில்லை. ஒரு வால்வு. ஆனால் சக்கை அதிகம் என்றால் சக்கையோடு போன சர்க்கரையும் எழுதியதைவிட அதிகம். அந்த வால்வு எத்தனை பருவமாகத் திறந்திருந்தது என்று யாராலும் சொல்ல முடியவில்லை. சொல்ல முடியாதபடிதான் கணக்கு அமைந்திருந்தது.

*

படிவத்தில் டிக்குக்கும் முன்னால் ஒரு கேள்வி இருக்கிறது. கணக்கின் எல்லை எது?

பொருள் அழிவதில்லை என்பதை வேதியியலின் அடிப்படையாக நிறுவிய லவாசியே, 1789-இல் தன் பெரிய நூலை வெளியிட்டவர், பிழைப்புக்கு வரி வசூல் கம்பெனியில் பங்குதாரராக இருந்தார். மூடிய கண்ணாடிப் பாத்திரத்தில் முன்னும் பின்னும் எடைபோட்ட அதே மனிதர்தான், பாரிஸுக்குள் நுழையும் சரக்கு எதுவும் வரிக்குத் தப்பாதபடி நகரத்தைச் சுற்றி மதில் கட்டலாம் என்று யோசனை சொன்னார். 1780-களில் மதில் எழும்பியது, ஜனங்கள் வெறுத்தார்கள். 1794 மே 8 அன்று மற்ற வரி குத்தகைதாரர்களோடு அவர் தலையும் போனது. பாத்திரமும் மதிலும் எனக்கு ஒரே யோசனையாகத்தான் தெரிகின்றன. எல்லையை மூடினால்தான் கணக்கு. எங்கே மூடுவது என்று சொல்ல இயற்கையிடம் எந்த விதியும் இல்லை.

சர்க்கரை ஆலையின் எல்லை எடைமேடையில் தொடங்குகிறது. அதற்கு வெளியே ரோட்டோரம் டிராக்டர்கள் வரிசையில் நிற்கும். வெட்டிய கரும்பு வெயிலில் காயக் காய எடை குறையும், உள்ளே சர்க்கரையும் சிதையும். ஒரு நாள், ஒன்றரை நாள். அந்த இழப்பு முழுக்க முழுக்க உண்மையான பொருள் இழப்பு. லவாசியே வந்தாலும் மறுக்க மாட்டார். ஆனால் எந்த கேஸிலும் அது கிடையாது. எடைமேடையில் ஏறும்போது என்ன இருக்கிறதோ அதுதான் ‘உள்ளே வந்தது’. அதற்கு முன்னால் குறைந்தது விவசாயியின் எல்லைக்குள் குறைந்தது. வெட்டு உத்தரவில் தேதி இருக்கிறது, எடைச் சீட்டில் நேரம் இருக்கிறது. வயலிலிருந்து எடைமேடை வரை ஒரு கேஸ் போடுவது மென்பொருளுக்குப் பெரிய காரியமே இல்லை. இதுவரை எந்த ஆலையும் என்னிடம் அப்படியொரு கேஸ் கேட்டதில்லை.

எல்லையைத் தாண்டிப் போனதை யாரும் அளக்காதபோது என்ன ஆகும் என்பதற்குக் கொடைக்கானல் இருக்கிறது. அமெரிக்காவிலிருந்து இடம்பெயர்ந்து வந்த பாதரசத் தெர்மாமீட்டர் தொழிற்சாலை, பின்னாளில் ஹிந்துஸ்தான் லீவரின் கைக்கு வந்தது. 2001 மார்ச்சில், ஊருக்குள் ஒரு பழைய இரும்புக் கடையில் பாதரசம் படிந்த கண்ணாடி உடைசல் 7.4 டன் கிடந்தது வெளியே வந்தது. போராட்டம் நடந்தது, தொழிற்சாலை மூடப்பட்டது. 2003-இல் பாதரசக் கழிவு கப்பலேறி அமெரிக்காவுக்கே போனது. இங்கே கேள்வி நம் படிவத்தின் கேள்விதான். உள்ளே எவ்வளவு பாதரசம் வந்தது என்பதற்குச் சரக்குக் கணக்கு இருக்கும். தெர்மாமீட்டராக எவ்வளவு போனது என்பதையும் கணக்கிட்டுவிடலாம். மீதி? பாதரசம் அறை வெப்பத்திலேயே ஆவியாகும், கண்ணுக்குத் தெரியாது. காற்றில் எவ்வளவு, பாம்பார் சோலையின் மண்ணில் எவ்வளவு, தொழிலாளிகளின் உடம்பில் எவ்வளவு? இவற்றுக்கெல்லாம் அப்போது மீட்டர் இல்லை. ஆகவே பிறகு மதிப்பீடுகள்தான், மதிப்பீடுகளின் மேல் வருடக்கணக்கில் சண்டைதான். உடல்நலக் கேடு எதுவும் நிரூபணமாகவில்லை என்றே நிறுவனம் சொல்லிவந்தது. தொழிலாளிகள் தங்கள் உடம்பைக் காட்டினார்கள். 2016-இல் முன்னாள் தொழிலாளிகள் 591 பேரோடு உடன்பாடு ஏற்பட்டது. தொழிற்சாலை ஓடிக்கொண்டிருந்த வருடங்களில் உபரியாக ஒரு அளவு, அறைக் காற்றுக்கோ ஓடைத் தண்ணீருக்கோ, எல்லோரும் பார்க்கும்படி இருந்திருந்தால் இந்தச் சண்டையே வேறு மாதிரி நடந்திருக்கும். மனித உடம்பு மிக மோசமான மீட்டர். எல்லாவற்றையும் சேர்த்துவைக்கும், எதையும் தேதி போட்டுச் சொல்லாது.

*

உபரிச் சாட்சி இருந்த ஒரு கதையும் சொல்ல வேண்டும். இங்கிலாந்தின் செல்லாஃபீல்டில் தார்ப் என்று ஓர் ஆலை. அணு உலைகளில் எரிந்து முடிந்த எரிபொருளை அமிலத்தில் கரைத்து யுரேனியத்தையும் புளூட்டோனியத்தையும் பிரித்தெடுப்பது 2018 வரை அதன் வேலையாக இருந்தது. 1994-இல் ஓடத் தொடங்கியது. அங்கே 2004-இன் நடுவாக்கில் ஒரு குழாய் விரிசல்விட ஆரம்பித்தது. கரைசல், யாரும் உள்ளே போக முடியாத, துருப்பிடிக்காத எஃகுத் தரை போட்ட கான்கிரீட் அறைக்குள் கொட்டிக்கொண்டே இருந்தது. எட்டு மாதம். மொத்தம் 83 கன மீட்டர். அதில் சுமார் 20 டன் யுரேனியமும் 160 கிலோ புளூட்டோனியமும் இருந்தன. அறையின் பள்ளத்தில் திரவம் சேர்வதைக் காட்டக் கருவிகள் இருந்தன, மாதிரி எடுத்துப் பார்க்கும் வழக்கமும் இருந்தது. அவை காட்டிய அறிகுறிகளை யாரும் பொருட்படுத்தவில்லை. புதிய ஆலை, இங்கே கசியாது என்ற நம்பிக்கை. அடிக்கடி அடிக்கிற அலாரங்களோடு வாழப் பழகிப்போன மனநிலை.

கண்டுபிடித்தது கணக்கு. அணுப்பொருள் தொழிலில் ‘இதர’ என்று எழுத முடியாது. 8 கிலோ புளூட்டோனியம் என்பதையே ஒரு குண்டுக்குப் போதுமான அளவாகச் சர்வதேச அணுசக்தி முகமை வைத்திருக்கிறது. தார்ப்பில் கொட்டியது அதைப்போல இருபது மடங்கு. மீதி என்பது வெடிகுண்டாக இருக்கக்கூடும் என்கிறபோது மீதியை விட்டுவைக்க முடியாதல்லவா? அதனால் அங்கே எல்லாவற்றுக்கும் இரண்டு கணக்கு உண்டு. இவ்வளவு அனுப்பினோம் என்று அனுப்பியவர் கணக்கு, கரைத்து அளந்ததில் இவ்வளவு இருந்தது என்று பெற்றவர் கணக்கு. இரண்டும் தனித்தனியாக வருகின்றன, ஒன்றையொன்று மறுக்க முடியும். 2005 மார்ச்சில் அவை இடிக்க ஆரம்பித்தன. ஏப்ரலில் அறைக்குள் கேமராவை விட்டுப் பார்த்தார்கள். உடைந்த குழாயும் தரையில் கரைசலும் தெரிந்தன. வெளியே எதுவும் பரவவில்லை, யாருக்கும் காயமில்லை. நிறுவனத்துக்கு 2006-இல் 5 லட்சம் பவுண்டு அபராதம்.

இதில் என்னைத் தூங்கவிடாத விவரம் வேறு. அந்தக் குழாய் ஏன் உடைந்தது? அது சேர்ந்திருந்த தொட்டியின் பெயரே கணக்குத் தொட்டி. உள்ளே இருப்பதைத் துல்லியமாக எடைபோட வேண்டும் என்பதற்காக அதைத் தரையில் வைக்காமல் தொங்கவிட்டிருந்தார்கள். தொங்கியதால் ஆடியது. ஆடி ஆடி, அதோடு இணைந்த குழாய் சோர்ந்து முறிந்தது. அளக்க ஆசைப்பட்டதால் வந்த விபத்தை அளவுதான் காட்டிக்கொடுத்தது! கூடுதல் மீட்டர் எப்போதும் நல்லது என்று என்னைப்போல மேடை போட்டுப் பேசுகிறவர்கள் இந்தத் தொட்டியை அடிக்கடி நினைத்துக்கொள்வது நல்லது. மீட்டருக்குக் காசு வேண்டும், ஆள் வேண்டும், அதற்கென்றே சில புதிய ஓட்டைகளும் வரும். இரண்டு மீட்டரையும் ஒரே ஆள் ஒரே நாளில் ஒரே தராசை வைத்துச் சரிபார்த்தால் அவை இரண்டு சாட்சிகளும் அல்ல. ஒரே சாட்சி இரண்டு சட்டை போட்டுக்கொண்டு வந்திருக்கிறது.

எல்லா ஓட்டத்தையும் அளக்க முடியாது என்பதும் தெரிந்ததுதான். டிக் போட்டுத்தான் ஆக வேண்டும், நானும் போடுகிறேன். அந்தப் பெட்டிக்குப் பக்கத்தில் குறிப்பு எழுத ஒரு சின்ன இடம் உண்டு. பெரும்பாலான கேஸ்களில் காலியாக இருக்கும். கொஞ்ச காலமாக நான் அதில், இந்த ஓட்டத்தை அளக்க வேண்டாம் என்று முடிவெடுத்தவரின் பெயர், தேதி, அவர் சொன்ன காரணம் மூன்றையும் எழுதிவைத்துவிட்டு, அவருக்கே ஒருமுறை காட்டுகிறேன். சில ஆலைகளில் அடுத்த பட்ஜெட்டில் மீட்டர் வாங்கிவிடுகிறார்கள். சில ஆலைகளில் குறிப்பை அழிக்கச் சொல்கிறார்கள்.